பழுப்பேறிய துப்பாக்கி

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத் துப்பாக்கிச் சந்தையில் மேசை போட்டிருந்த பழைய துப்பாக்கி வியாபாரி வெர்லினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் லொரீன் என்ற பண்ணைக்காரி, குடும்பத்தில் நாலு தலைமுறையாக இருந்த, நெம்புகோலை இழுத்துச் சுடும் பழங்காலத் துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தாள். நூற்றிருபது வருஷப் பழுப்பு. யாரும் தேய்க்காத இரும்பு. அந்தப் பழுப்புக்காகவே பழம்பொருள் சேகரிப்பவர்கள் எட்டாயிரம் டாலர் கொடுப்பார்கள். வெர்லின் உதட்டைப் பிதுக்கினான்.

"இந்தக் கறைதாம்மா விலையை இறக்குது. எண்ணூறு தரேன்."

"வீட்ல கேட்டுட்டு வரேங்க" என்று போனவள்தான்.

காபி ஆறிப்போனது. வேறு வியாபாரி எவனாவது மடக்கிவிட்டானோ என்று மூன்று முறை சந்தையைச் சுற்றிவந்தான்.

சாயங்காலம் லொரீன் சிரித்தபடி வந்து துணியை விலக்கினாள். துப்பாக்கி புதுக் கரண்டி மாதிரி மின்னியது.

"கொழுந்தனார் பட்டறையில மெஷின் வச்சுத் தேய்ச்சாருங்க. நீங்க சொன்ன கறை ஒரு பொட்டு இருக்கா பாருங்க! இப்ப நியாயமா ஒரு விலை சொல்லுங்க."

குழலில் பொறித்திருந்த எழுத்துகள்கூட அழிந்துபோயிருந்தன. வெர்லின் அந்த இடத்தை விரலால் தடவினான். அன்றைக்கு முதன்முறையாக அவன் வாயில் உண்மை வந்தது.

"எண்ணூறு."

"காலையிலயும் அதையேதானே சொன்னீங்க! ஒரே பேச்சு. நாணயமான மனுஷன்தாங்க நீங்க" என்று லொரீன் கையை நீட்டினாள்.