முந்நூறு மீட்டர் வட்டம்

பேருந்துக் கழகத்தின் திட்டப் பிரிவில் மேலாளருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் நகத்தைக் கேட்டால் இவர் விரலையே நறுக்கிக் கொடுப்பார். அவருக்குக் கீழே கணினியில் வரைபடம் போடுகிறவள் சின்னு. அது வீட்டுப் பெயர். அக்காவும் மாமாவும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒப்பந்த வேலைதான். நிரந்தரமாகுமா ஆகாதா என்பது வருடக்கணக்கில் மதில்மேல் பூனையாகவே நின்றது.

"பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ஸ்டாப்புங்கள எடுத்துடலாம்மா," என்றார் கத்தரி. "முந்நூறு மீட்டருக்குள்ள இன்னொண்ணு இருந்தா எதுக்கு ரெண்டு? பார்த்துப் போட்டுக் குடுங்க."

சின்னுவுக்கு இது சுண்டைக்காய் வேலை. அரசாங்கம் பொதுவில் போட்டு வைத்திருக்கும் கோப்புகளை இறக்கினாள். சாலைகள் ஒரு கோப்பு, நிறுத்தங்கள் ஒரு கோப்பு, ரயில் பாதை ஒன்று. மென்பொருளில் அவை கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். வேண்டாததற்கு எதிரே டிக்கை எடுத்தால் மறைந்துவிடும். ஒவ்வொரு நிறுத்தத்தைச் சுற்றியும் முந்நூறு மீட்டருக்கு வட்டம் போடச் சொன்னாள். ஒன்றின் வட்டத்துக்குள் இன்னொன்று மாட்டினால் சிவப்பு. ரயில் பாதை மட்டும் கறுப்பாகக் குறுக்கே ஓடிப் படத்தை அசிங்கப்படுத்தியது. அதன் டிக்கை எடுத்தாள். படம் பளிச்சென்று ஆனது. கத்தரிக்குப் பளிச்சென்ற படம்தான் பிடிக்கும்.

வட்டம் பறக்கிற காக்கைக்குச் சரி. மனுஷன் நடக்கிற வழியை அளக்கவும் அதே மென்பொருளில் வசதி இருந்தது. கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். வட்டமே போதும் என்று அவளாகத்தான் முடிவு செய்தாள். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

சிவந்த புள்ளிகளில் ஒன்று அக்கா வீட்டுத் தெருமுனை. சின்னு பிறந்து வளர்ந்த தெருவும் அதுதான். தெருவை ஒட்டி ஓடும் ரயில்வே சுவரைத் திட்டிக்கொண்டே தினமும் சுற்றிச் சுற்றிப் பள்ளிக்கூடம் போனவள் அவள். ஆனால் கோப்பில் நிறுத்தங்களுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. திரையில் தன் தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். கண்ணிருந்தும் குருடு என்பார்களே, அது.

கொஞ்ச நாளில் அந்தத் தெருமுனை நிறுத்தத்தின் கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

அக்கா புருஷனுக்கு, அதாவது மாமாவுக்கு, முன்பே வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கை காலுக்குப் பயிற்சி கொடுக்க மருத்துவமனைக்குப் போய் வர வேண்டும், விட்டால் இறுகிப்போகும் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவுக்குச் சலவைக்கூடத்தில் விடியும் முன்பே வேலை; கூடப் போக முடியாது. மாமா தனியாகவே தடியை ஊன்றித் தெருமுனைக்குப் போவார், பஸ் ஏறுவார், வருவார். யார் கையையும் பிடிக்காமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான். அதற்கென்று சட்டையை இஸ்திரி போட்டு, மாப்பிள்ளை மாதிரி கிளம்புவார்.

மிச்சமிருந்த நிறுத்தம் சுவருக்கு அந்தப் பக்கம். படத்தில் கூப்பிடு தூரம். காலால் போனால் ரயில்வே கேட் வரை நடந்து, தாண்டி, அந்தப் பக்கம் அதே தூரம் திரும்பி வர வேண்டும். ஒரு தடவை முயன்றார். பாதி வழியில் ஏதோ கடைப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வழியாக வந்த தெருத் தையல்காரர்தான் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். அதற்குப் பிறகு மாமா சட்டைக்கு இஸ்திரி போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னு போனபோது அக்கா கொதித்துக்கொண்டிருந்தாள்.

"எவனோ ஏசி ரூம்ல உக்காந்து கோடு போட்டிருக்கான் சின்னு. இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டான்."

தங்கை அங்கே மேப் போடுகிறாள் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் வளர்த்த பிள்ளை மேல் சந்தேகம் வர மனசு வேண்டுமே. சின்னுவுக்கு வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"தெருவே கையெழுத்துப் போடுது. நீ ஒரு மேப் மட்டும் போட்டுக் குடு. உன் பேரு வேணாம். நிரந்தரமாகுற நேரத்துல உனக்கு எதுவும் வந்துடக் கூடாது."

அக்காவுக்கு இந்த நிலைமையிலும் அந்தக் கவலை. அதுதான் சின்னுவைச் சுட்டது.

மடிக்கணினியை அங்கேயே திறந்தாள். ரயில் பாதைக்கு டிக் போட்டாள், நடக்கிற வழியாக அளந்தாள். பாவத்தைக் கழுவுகிற வேகம் கையில் இருந்தது. ஆனால் மென்பொருள் கேட்டைச் சுற்றவில்லை. சுவருக்கு அடியில் நேராகப் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. பார்த்தால், பொதுக் கோப்பில் பழைய சுரங்க நடைபாதை இன்னும் திறந்தே இருந்தது. தண்ணீர் தேங்குகிறது என்று இவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கோப்பில் அடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சின்னு அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தாள்.

"என்ன அழிக்கிற?"

"அந்த சப்வேக்கா. இதுல இன்னும் இருக்கு. இத விட்டா நம்ம கணக்கு அடிபட்டுடும். பயப்படாத, ஆபீஸ்ல எவனும் இவ்வளவு நோண்டிப் பார்க்க மாட்டான். உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

மனு போனது. எங்கெங்கோ சுற்றிவிட்டு நேராகச் சின்னுவின் மேசைக்கே வந்தது. கொண்டுவந்து வைத்தவர் கத்தரி.

"விஷயம் தெரிஞ்ச ஆளு போட்ட மேப்பும்மா இது. இதுக்குத் தலையாட்டினா நாளைக்குத் தெருவுக்கு ஒருத்தன் மேப்பத் தூக்கிட்டு வருவான். ஓட்டை எங்கன்னு பாருங்க."

"நேர்ல ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா சார்?"

"எதுக்கு? அதான் கவர்மென்ட் டேட்டா இருக்கே." போகிறவர் திரும்பினார். "உங்க பர்மனென்ட் ஃபைல் மேல போயிருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

ஓட்டை எங்கே என்று சின்னுவை விட வேறு யாருக்குத் தெரியும்? அடைத்தவளே அவள்தானே. அங்கே சுவர் இருக்கிறது சார், சுரங்கம் மூடியிருக்கிறது சார், முதல் படமே என் தப்பு சார் என்று சொல்ல அவளுக்கு நாக்கு இருந்தது. சாயங்காலம் வரை கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பிறகு அழித்த கோட்டை மறுபடி கொண்டுவந்து பதிலை எழுதினாள். அரசின் பொதுத் தரவுகளின்படி அவ்விடத்தில் சுரங்க நடைபாதை உள்ளது. நடை தூரம் முந்நூறு மீட்டருக்குள் அடங்குகிறது. கோரிக்கையை ஏற்க இயலாது. பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்ட முடியாது, தரவில் இருப்பது இருக்கிறதுதான். அந்தச் சந்தில் புகுந்துகொண்டாள். அச்சடித்துக் கத்தரியிடம் கொடுத்தாள்.

பதில் தெருவுக்குப் போனது. நிரந்தர உத்தரவு அவள் கைக்கு வந்தது.

அடுத்த தடவை அவள் போனபோது தையல்காரர் கூடத்தில் உட்கார்ந்து பதிலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"சப்வேயாம்! செங்கலுக்குள்ள பூந்து போகச் சொல்றானுங்க. நம்ம என்ன பல்லியா?"

நாற்காலியில் இருந்த மாமா கோணிய வாயோடு சிரித்தார். அவர் கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அக்கா சிரிக்கவில்லை. சின்னுவைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சின்னு பின்னாலேயே போனாள்.

"நீதானே?"

சின்னு தலையை ஆட்டினாள்.

"அப்ப ஸ்டாப்ப எடுத்தது?"

"அதுவும் நான்தான்க்கா. அது தெரியாமப் பண்ணினது."

"இது?"

"தெரிஞ்சுதான்."

அக்கா டீயை வடிகட்டினாள்.

"வேலை நிரந்தரமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"ம்."

திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால் சின்னு அழுது தீர்த்திருப்பாள். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். சின்னு அடுப்படி வாசலில் நின்றாள்.

தையல்காரர் டீயை வாங்கிக்கொண்டே கேட்டார்: "உங்க தங்கச்சி அந்த ஆபீஸ்தானம்மா? இத எழுதின புண்ணியவான் யாருன்னு விசாரிச்சுச் சொல்லட்டும். கையோட கூட்டிட்டு வந்து அந்தச் செங்கலக் காட்டுவோம்."

அக்கா மாமாவின் நல்ல கையில் கோப்பையைப் பத்திரமாக வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள். திரும்பி வாசலைப் பார்க்கவில்லை.

"அங்க எனக்கு யாரும் இல்லண்ணே," என்றாள்.