உள்ளே விழாத கால்

தோளில் எப்போதும் கிடக்கும் கயிற்றை வைத்து, கயிறு என்று எல்லோரும் கூப்பிட்ட சுமைதூக்கியின் வீட்டுக்குள் அவரைத் தவிர வேறு யாராலும் போக முடியவில்லை. வாசற்படியைத் தாண்டி வைத்த கால் உள்ளே விழாமல் மறுபடி தெருவிலேயே விழுந்தது. கால் வைத்தவர் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். கயிறின் மனைவி இறந்த வருடம் இது தொடங்கியது. மின்கணக்கு எடுப்பவர் ஒன்றிரண்டு தடவை முயன்றுவிட்டு, எண்ணை நீங்களே ஜன்னல் வழியாகச் சொல்லிவிடுங்கள் என்று ஏற்பாடு செய்துகொண்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வேடிக்கைக்காகத் தெரிந்தவர்களைக் கூட்டிவந்து கால் வைக்கச் சொன்னார், பிறகு அவருக்கும் அலுத்துவிட்டது. ஒரு பூனை மட்டும் விடாமல் முயன்றது. அதற்கு வேறு வேலை இல்லை.

கயிறு இதைப் பெரிதுபடுத்தவில்லை. பகலெல்லாம் யார் வீட்டு பீரோவையோ மாடி ஏற்றி இறக்கிவிட்டு வருகிற உடம்புக்கு, படுக்க ஓர் இடம் இருந்தால் போதும். ஆனால் வேறு ஊரில் கட்டிக்கொடுத்த மகள் வந்தாள். கால் வைத்துக் கால் வைத்துப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் தெருவில் நின்றாள். கையிலிருந்த பையைக் கீழே வைக்கவே இல்லை.

"நான் வர்றது பிடிக்கலேன்னா நேரா சொல்லியிருக்கலாம்லப்பா."

அடுத்த பேருந்துக்கே போய்விட்டாள். அதற்குப் பிறகு தொலைபேசியில் அவள் பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன், வெச்சிடவா. கடைசியில், கோடை முடிந்ததும் இன்னும் ஒரு தடவை வருவேன், அப்போதும் இப்படித்தான் என்றால் அதோடு சரி என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஊரில் ஃபெங் சுயி என்கிற சீன முறைப்படி வீடுகளைத் திருத்திக்கொடுக்கும் ஓர் அம்மாள் இருந்தார். எந்தச் சாமான் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவர் திசைகாட்டியோடு நின்று சொல்வார், தூக்கி வைப்பது கயிறு. படுக்கிறவர் கால் கதவைப் பார்க்கக் கூடாது. உட்காருகிறவர் முதுகுக்குச் சுவர் வேண்டும். வாசலில் நுழைகிற காற்று வீட்டுக்குள் நிதானமாக நடந்து போக வேண்டும். வருடக்கணக்காகக் காதில் வாங்கியும், இதெல்லாம் மாடி வீட்டுக்காரர்கள் சங்கதி என்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்போது, ஒரு சோபாவைத் திருப்பிப் போட்ட கையோடு, தலையைச் சொறிந்துகொண்டு தன் வீட்டு விஷயத்தைச் சொன்னார்.

அம்மாள் வந்தார், கால் வைத்தார், தெருவில் விழுந்தார். புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். வீடு லாரியில் ஏற்றியது போல இருந்தது. கனமானது பின்சுவரோரம், லேசானது வாசலருகே, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் கயிறு போட்டுக் கட்டி. மனைவி போன கையோடு வேறு வீடு பார்த்துப் போய்விடலாம் என்று கட்டியவர், போகவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. வளைந்து நெளிந்து உள்ளே போய்ப் படுக்கப் பழகிக்கொண்டார்.

"கிளம்பத் தயாரா நிக்கிற வீட்டுக்குள்ள யாருங்க வருவாங்க?" என்றார் அம்மாள்.

அவர் தெருவில் நின்று சொல்லச் சொல்ல, கயிறு கட்டுகளை அவிழ்த்தார். கட்டில் திரும்பியது. நாற்காலிகள் சுவரில் முதுகு சாய்ந்தன. இறுகிப்போன முடிச்சுகளைப் பல்லால் கடித்து இழுத்தார். கடைசியில் அம்மாள் வாசலுக்கு நேர் எதிரே நின்ற, மனைவியின் ஆளுயரக் கண்ணாடியைக் காட்டினார். வாசலைப் பார்க்கும் கண்ணாடி வருகிறதையெல்லாம் திருப்பி அனுப்பிவிடும், அதை எடுத்துவிடுங்கள் என்றார். கயிறு சரி சரி என்று தலையாட்டினார். எடுக்கவில்லை.

கோடை முடிந்து மகள் வந்தாள். கால் வைத்தாள். தெருவில் நின்றாள். பையைத் தோளில் மாட்டினாள். கயிறு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிதான் காரணம் என்று ஒப்புக்கொண்டார்.

"தெரிஞ்சுமா எடுக்கல?"

"சாயங்காலம் கதவத் திறந்தா எதிர்ல ஒரு ஆளு வரணும்னு வெச்சேன்மா."

மகள் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளு என்னிக்காவது சாப்பிட்டியான்னு கேட்டிருக்கானாப்பா?"

"இல்ல."

"நான் கேக்கறேன். திருப்புங்க."

கயிறு கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பாதி திரும்பும்போதே அதிலிருந்த ஆள் இறங்கி, தோள் கயிற்றைச் சரிசெய்துகொண்டு, வாசல் வழியாக வெளியே நடந்தான். மகள் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு கால் வைத்தாள். கால் உள்ளே விழுந்தது. பூனை அவளுக்கு முன்னால் போய்விட்டிருந்தது.

வெளியே போனவன் மறுநாள் லாரி நிற்கும் இடத்துக்கு வேலை கேட்டு வந்தான். கண்ணாடிக்காரன் என்பதால் இடது கைப் பழக்கம். படியில் பீரோ தூக்கும்போது கயிறுக்கு அப்படி ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது, மறுமுனை அவனுடையதாயிற்று. பேச்சு அவனுக்குக் குறைவு. வேலை முடிந்தால் கயிறோடு வருவான், படியேறுவான், காலும் ஒழுங்காக உள்ளே விழும். மகள் வருகிற நாட்களில் மூன்று தட்டு வைத்து, அவனிடமும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்கிறாள்.