கிடங்குக் காலேஜின் சாட்சி

திருவொற்றியூர் சாலையில் பழைய கடலையெண்ணெய்க் கிடங்கு ஒன்றில் நடந்துவந்தது அந்த இஞ்சினீரிங் காலேஜ். பலகையில் என்னவோ நீளமாய்ப் பெயர் எழுதியிருந்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஜனங்களுக்கு அது கிடங்குக் காலேஜ்தான். அதற்கு அங்கீகாரத்தைத் தொடர்வதா, இழுத்து மூடுவதா என்று முடிவு செய்ய ஐம்பத்து மூன்றாம் வருஷம் மூன்று அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். பழைய மாணவர்கள் ஒன்பது பேரைத் தனித்தனியே விசாரிப்பதாக ஏற்பாடு. ஒன்பதாவது ஆள் ஸ்டானிஸ்லாஸ்.

பிரின்சிபால் கோதண்டம் போயும் போயும் இவன் பெயரைப் பட்டியலில் ஏன் எழுதினார் என்று எல்லோருக்கும் குழப்பம். அந்தக் காலேஜ் மேல் இவ்வளவு வயிற்றெரிச்சல் உள்ளவன் வேறு யாரும் கிடையாது. கூடப் படித்த வேலப்பன் வாசலிலேயே மடக்கிக்கொண்டான்.

"இதோ பாரு மாமு, உள்ள போயி அல்லாம் ஜோரா கீதுன்னு சொல்லிட்டு வந்துகினே இரு. நாங்க எட்டு பேரும் அப்டித்தான் சொன்னோம். அறுபது பசங்க படிச்சிகினு கீறாங்க. உண்ட வூட்டுக்கு ரெண்டகம் பண்ணாத."

"நான் இன்னாத்தடா உண்டேன்? ஒரு வருசம் பட்டினியில்ல கெடந்தேன்" என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

அது யுத்த காலத்துக் கதை. இரும்புக் கம்பியை இழுத்து, எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று காட்டும் இயந்திரம் காலேஜில் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் பல்சக்கரம் உடைந்து மூன்று மாதமாய்ப் படுத்துக் கிடந்தது. நோட்டில் அளவு எழுதாவிட்டால் பரீட்சை கிடையாது. பையன்கள் பாவம், போன வருஷத்து அண்ணன்மார் நோட்டைப் பார்த்து எழுதினார்கள். மற்றவர்கள் எண்களை அங்கே இங்கே மாற்றிக்கொண்டார்கள். ஸ்டானிஸ்லாஸுக்கு ஒழுங்காகத் திருடவும் தெரியாது. புள்ளி பிசகாமல் அப்படியே எழுதிவைத்தான். குட்டு வெளிப்பட்டது.

கோதண்டம் கூப்பிட்டுக் கேட்டதும் மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்கள். இவன் மட்டும், நானே எடுத்த அளவு என்று சாதித்தான். ஓடாத இயந்திரத்தில்! அவர்களை விட்டுவிட்டு, இவனை மட்டும் பரீட்சை எழுதவிடாமல் ஒரு வருஷம் உட்கார வைத்துவிட்டார் அவர். கைக்கு வந்திருந்த ரயில்வே வேலை போயிற்று. மிஷினை ஓடவைக்கத் துப்பில்லாத மனுஷன் என்னைத் தண்டிக்க வந்துவிட்டார் என்று ஒன்பது வருஷமாய்ப் பொருமிக்கொண்டிருக்கிறான். அதில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

உள்ளே போனான். "வசதியெல்லாம் எப்படி?" என்று கேட்டார் நடுவில் இருந்த அதிகாரி.

இப்போது துறைமுகத்தில் கிரேன் சங்கிலிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது ஸ்டானிஸ்லாஸின் வேலை. அந்தச் சங்கிலிக்குக் கீழே ஆட்கள் நிற்பார்கள். அந்தத் தண்டனைக்குப் பிறகு, சோதிக்காததைச் சோதித்ததாக எழுத அவனுக்குக் கை வந்ததே இல்லை. இன்றைக்கு எல்லாம் ஜோர் என்று சொன்னால் அது அந்தப் பழைய நோட்டுத்தான். உள்ளதைச் சொன்னாலோ அறுபது பையன்களும் நடுத்தெருவில். கடைசியில் உள்ளதுதான் வாயில் வந்தது.

"முப்பது பேருக்கு ஒரே லேத்து சார். நம்ம முறை வர்றதுக்குள்ள பெல்லு அடிச்சிரும். கணக்கு வாத்தியாரு வேற வேலை கெடச்சி நடுவுல பூட்டாரு, மூணு மாசம் ஆளே இல்ல. மழை பேஞ்சா வரைஞ்ச படத்து மேல ஒழுகும். கம்பி இழுக்கிற மிஷினு எங்க பரீட்சைக்கு ஓடல, இன்னிக்கும் பாதி நாளு ஓடலன்னுதான் பசங்க சொல்றாங்க."

அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார்.

"ஆனா சார், குப்பத்துப் பசங்க நாலு பேரு வலை இழுத்துட்டு வரணும்னு முதல் கிளாசையே பத்து மணிக்கு மாத்துனாரு எங்க பிரின்சிபாலு. எங்க கூடப் படிச்ச பக்ருதீன் காய்ச்சல்ல படுத்தப்போ தண்டையார்பேட்டைக்கு சைக்கிள் மிதிச்சிகினு போயி, வூட்லயே குந்தி பாடம் சொல்லிக் குடுத்தாரு."

"குறைதான் அதிகமாத் தெரியுது. மூடிடலாமா?"

ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"மூடாதீங்க சார்! மிஷினு வாங்கிக் குடுங்க. துட்டு குடுத்தா மிஷினு வந்துரும். பொய்யி எழுதுனவன ஒரு வருசம் குந்த வெக்கிற வாத்தியாரு எங்க சார் கெடைப்பாரு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ஒன்பது வருஷத்து வயிற்றெரிச்சல் பாராட்டாக வெளியே வந்து விழுந்திருந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். "காலையிலேர்ந்து எட்டு பேர் வந்து எல்லாம் பிரமாதம்னு சொன்னாங்க. ஒண்ணையும் நம்ப முடியலை. குறையை மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதனால நீங்க சொன்ன நல்லதை நம்பறோம். அங்கீகாரம் இருக்கும். ஒரு வருஷத்துக்குள்ள இயந்திரமும் ஆளும் வரணும், அதுக்கும் எழுதறோம்."

வெளியே கோதண்டம் நின்றிருந்தார். தகரத் தடுப்புதான், அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கும். ஸ்டானிஸ்லாஸ் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"இன்னாத்துக்கு சார் என் பேரை எழுதுனீங்க? திட்டுவேன்னு தெரியாதா?"

"நீ திட்டுவேன்னு தெரியும் நைனா. பொய்யி சொல்ல மாட்டேன்னும் தெரியும்" என்றார் கிழவர். "அன்னிக்கு மிஷினு ஓடாதது என் தப்பு. என் தப்புக்கும் சேத்து நீ ஒரு வருசம் குந்துன. அதை அப்பவே நான் சொல்லியிருக்கணும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒன்பது வருஷம் காத்திருந்தான். வந்தபோது அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

"வுடுங்க சார், வுடுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேலப்பன் பார்க்கிறானே என்ற வெட்கம்கூட இல்லாமல், வாசலிலேயே நின்று அழுதான்.