ஐயாயிரம் வருடத்துப் பாறை

1966இல் நான் கடல் கடந்த தீவில், மாயாபந்தர் படகுத்துறையில் குமாஸ்தா. ஊரில் பெண் பார்க்கப் போனபோது சந்திரமதி தன் ஊர் மலையைப் பற்றியே பேசினாள். அங்கே ஒரு குகையில் செங்காவியால் மானும் மனிதரும் வரைந்திருக்குமாம். சொல்லும்போது அவள் முகத்தில் விளக்கேற்றியது போலிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"எங்க தீவுலயும் இருக்கு. உங்களதைவிடப் பெரிசு. ஐயாயிரம் வருஷப் பழசு" என்று அடித்துவிட்டேன். கூடவே மின்விசிறி சுழலும் பங்களா, வாசலில் ஜீப்.

கல்யாணம் முடிந்து கப்பலேறி வந்து பார்த்தாள். பங்களா, தகரம் வேய்ந்த ஒற்றை அறை. மின்விசிறி, ஓலை விசிறி. ஜீப், என் இரண்டு கால்கள். மூன்று நாள் பொறுத்தாள். சனிக்கிழமை பெட்டியைக் கட்டிவிட்டுச் சொன்னாள்:

"அந்த ஓவியத்தைக் காட்டுங்க. அதுவும் பொய்னா, திங்கக்கிழமை படகுல ஃபீனிக்ஸ் பே துறைமுகம். அங்கேருந்து மெட்ராஸ் கப்பல்."

எப்போதோ காட்டுப்பாதையில் போனபோது, தூரத்தில் சிவப்புக் கோடுகளோடு ஒரு பாறையைப் பார்த்திருந்தேன். அந்த ஒரே நம்பிக்கையில் ஞாயிறு காலை கிளம்பினோம். மலையென்றால் மலை, இமயம் அதன் முழங்காலுக்கு வரும். அட்டைகள் ஒவ்வொன்றும் புடலங்காய்ப் பருமன். வழியெல்லாம் அறுத்த படாக் மரமும் ஈர மண்ணும் கலந்த வாசனை. அந்த வாசனைக்காக இன்னொரு முறை அந்த அட்டைகளுக்கு ரத்தம் கொடுப்பேன்.

பாறை இருந்தது! ஆளுயரத்துக்குமேல் செக்கச் சிவந்த வளைவுகள், அலைகள். எனக்கே மூச்சு நின்றுவிட்டது.

சந்திரமதி அருகே போனாள். "இது மானா?"

"திமிங்கிலம்" என்றேன்.

அப்போது மரம் இழுக்கும் யானையின் பாகன், ராஞ்சிக்காரர் ஜோஹன், புதரை விலக்கிக்கொண்டு வந்தார். "ஹட்டோ பாபு! ஹாத்தி ஆ ரஹா ஹை!" என்று கத்தினார். யானை வருகிறது, விலகு என்று அர்த்தம்.

"என்ன சொல்றார்?"

"சோழருக்கும் முந்தின ஓவியமாம்."

சொல்லி வாய் மூடவில்லை. செம்மண் சேற்றில் குளியல் முடித்த யானை வந்து, பாறையில் முதுகைச் சாய்த்து சுகமாகத் தேய்த்தது. புதிதாக இரண்டு திமிங்கிலம் விழுந்தது.

சந்திரமதி ஒரு வளைவைத் தொட்டு, சிவந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஐயாயிரம் வருஷமா காயலையா?"

"நீ அந்த மானைப் பத்திப் பேசினப்போ உன் முகம் அப்படி இருந்துச்சு. அதை இன்னொரு தடவை பார்க்கணும்னு தோணுச்சு" என்றேன்.

"இதாவது நிஜமா?"

"நிஜம்."

சிவந்த விரலை என் சட்டையில் துடைத்தாள். பிறகு எதிரே இருந்த குன்றைக் காட்டினாள்.

"அங்க என்ன புளுகு வெச்சிருக்கீங்க?"

"அருவி. நூறடி."

"அடுத்த ஞாயித்துக்கிழமை போகலாம். புளிசாதம் கட்டிக்கறேன்."

மறுநாள் படகு அவள் இல்லாமல் போனது.

அருவி முழங்கால் உயரம்தான் இருந்தது. "இந்த வருஷம் கடும் வறட்சி" என்றேன். நனைந்த குடையை உதறிக்கொண்டே, "அப்படித்தான் தெரியுது" என்றாள் சந்திரமதி.