லென்காவை யார் பிடித்துக்கொள்வது

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாக வந்தது. என் சமையலறைக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். விதைக் கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியல்களுக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சுவரை ஒட்டிய மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காதை எங்கே கழற்றி வைப்பது?

அக்டோபர் முதல் வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். பில்யானாவின் குரல் கேட்டது.

"இந்த வருஷம் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஃப்ளூ ஊசி போட்டுடலாம்."

"வேணாம்" என்றான் அவள் கணவன் ராதோவான்.

பிறகு ஒரு பாத்திரம் கழுவுதொட்டியில் விழுந்தது. விழுந்ததா, போடப்பட்டதா என்று தெரியவில்லை. நான் பேனாவை எடுத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: "நோவி ஸாத் நகரின் மீது குளிர்காலம் தன் சாம்பல் நிறச் சிறகை மெல்ல

(போதும். வெளியே வெயில் அடிக்கிறது. கீழே முற்றத்தில் சிவப்புக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிறகு எங்கிருந்து வந்தது?)

இரண்டாம் தொடக்கம்: "தடுப்பூசி குறித்துப் பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு என்பது

(இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்ட வேண்டியது.)

மூன்றாம் தொடக்கம்: "ராதோவான் ஒரு முட்டாள்."

இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சின்ன வாக்கியம், எழுத்துப்பிழை இல்லை. ஒரு வாரம் அதையே வைத்திருந்தேன்.

3

அவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கும் சுவர் வழியாகக் கேட்பது போலத்தான் இருக்கும்.

ராதோவானுக்கு நாற்பத்தொரு வயது. லிஃப்ட் பழுது பார்ப்பவன். பத்தாவது மாடி உயரத்தில் கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு சீட்டியடிப்பான். பில்யானா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறாள். வீட்டில் ஒன்றைத் தேட வேண்டுமென்றால்கூட வடகிழக்கு, தென்மேற்கு என்றுதான் திசை சொல்வாள். மூத்தவள் லென்காவுக்கு ஆறு வயது. இளையவன் வூக்குக்கு மூன்று.

போன பிப்ரவரியில் லென்காவுக்கு ஃப்ளூ வந்தது. மூன்றாம் நாள் நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகிவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வூக்குக்கும் காய்ச்சல் என்பதால் பில்யானா அவனோடு வீட்டில் இருந்தாள். லென்காவோடு ராதோவான் இருந்தான். அந்த ஒன்பது நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் வாங்கிப்போன, இறைச்சி அடைத்த புரெக் ரொட்டியை வாசலில் நின்றபடி வாங்கிக்கொண்ட பில்யானா, அது சாப்பிடுகிற பொருள் என்பதையே மறந்தவள் போல வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

இவ்வளவும் நடந்த பிறகு ஒரு அப்பன் ஊசி வேண்டாம் என்றால், மூன்றாம் தொடக்கத்தை எழுதாமல் என்ன செய்வது?

4

முற்றத்தில் மிளகாய் சுடும்போது யார் வீட்டு விஷயமும் எல்லார் வீட்டு விஷயமாகிவிடும். தகர அடுப்பின் முன் ராதோவான் மிளகாயைத் திருப்பிக்கொண்டிருந்தான். பில்யானா தோலுரித்துக்கொண்டிருந்தாள். நான் விதை எடுத்தேன்.

"போன வருஷம் கம்பெனில எனக்குப் போட்டாங்க இல்ல? அந்த வாரமே மூக்கு ஒழுக ஆரம்பிச்சுது" என்றான்.

"உனக்கு மூக்கு ஒழுகாத வாரம் எது? சொல்லு, காலண்டர்ல குறிச்சு வைக்கிறேன்" என்றாள் பில்யானா.

"ஃப்ளூவே எதிர்க்காத்துலதான் வருது. ஜன்னலையும் கதவையும் ஒண்ணா திறந்து வெச்சா வராம என்ன பண்ணும்?"

"நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிற. அதைவிட எதிர்க்காத்து எங்க இருக்கு? நீ செத்தா போயிட்ட?"

"நான் வளந்த ஆளு."

"அது ஒரு வதந்தி."

அடுப்பைச் சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஆனால் மிளகாயைத் திருப்பிய கை நின்றுவிட்டது. ஒரு பக்கம் கருகிப்போனது.*

* அந்தக் கையை அன்றைக்கு நான் பார்த்தேன், ஆனால் எழுதவில்லை. முட்டாள்களுக்குக் கை நிற்காது. நின்றால் என் மூன்றாம் தொடக்கம் கெட்டுவிடும். இப்போதுதான் சேர்க்கிறேன்.

5

நான் எழுதுகிறேன் என்று, மூன்றாம் தொடக்கம் உட்பட, பில்யானாவிடம் நானே ஒப்புக்கொண்டேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். "என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க யெல்கா அக்கா" என்றாள், அவ்வளவுதான். (ஒல்லி. எழுதியாயிற்று.)

ஆனால் அவள் போய் ராதோவானிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அவன் என் கதவைத் தட்டினான், கையில் ஸ்பானருடன். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"வேலைக்குப் போற வழியில வந்தேன் அக்கா. என்னை முட்டாள்னு எழுதியிருக்கீங்களாமே?"

"முதல் பிரதிதான் தம்பி. அடிச்சிடறேன்."

"அடிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும், படிக்கிறவங்க சிரிப்பாங்க." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். காபி வைத்துக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"மூக்கு, எதிர்க்காத்து எல்லாம் சும்மா அக்கா."

"பின்ன?"

"ஆஸ்பத்திரில முதல் நாள் அவளுக்கு நரம்பு கிடைக்கல. அஞ்சு தடவை குத்தினாங்க. நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். புடிச்சு அழுத்துங்கன்னாங்க, அழுத்தினேன். மூணாவது தடவைக்கு அப்புறம் அவ அழறதையே நிறுத்திட்டா. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா. ஏம்பா இவங்களைக் குத்த விடறன்னு கேக்கிற மாதிரி." மூக்கை உறிஞ்சினான். "ஊசி நல்லதுதான், எனக்குத் தெரியாதா? ஆனா மறுபடியும் நான் பிடிக்கணும். என்னால ஆகாது அக்கா."

"இதை பில்யானாகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? அவ அங்க இல்லையேன்னு ஏற்கனவே அவளுக்கு உறுத்தல். இதையும் சொன்னா..."

அப்போது சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சுவர் என் பக்கம் மட்டும்தான் கேட்கும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அந்தக் காபிய அங்கேயே வெச்சுட்டு வா" என்றது பில்யானாவின் குரல். கொஞ்சம் உடைந்திருந்தது. "நான் இங்க வெச்சிருக்கேன்."

அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எனக்குத் தெரியாது. ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டேன். (நம்புங்கள். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.)

6

ஆக, போடுவது என்று முடிவாயிற்று. உடனே பில்யானாவுக்குப் பயம் வந்துவிட்டது. "நான் அவசரப்படுத்தறேனோ?" என்று என்னிடம் மூன்று முறை கேட்டாள். அவன் வேண்டாம் என்று சொன்ன வரைக்கும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் சரி என்றதும், கயிறு இழுக்கும் போட்டியில் எதிராளி கைவிட்டது போல இவள் பின்னால் சாய்ந்துவிட்டாள். இந்த இடத்தில் கதையை இன்னொரு சுற்று இழுத்திருக்கலாம். ஆனால் பில்யானா இழுக்கிறவள் அல்ல. நேராக டாக்டருக்குப் போன் செய்து நாள் வாங்கிவிட்டாள்.

யார் பிடிப்பது என்பது மட்டும் மிச்சமிருந்தது. "நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் பில்யானா. நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம், நாகரிகமாக. ராதோவான், முற்றத்தில் சுட்ட மிளகாயில் அரைத்த அய்வார் விழுதை ரொட்டியில் தடவிக்கொண்டே தலையாட்டினான்.

லென்கா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "வேணாம். அப்பா."

"அம்மா மெதுவா பிடிப்பேன்டா கண்ணு."

"அப்பாக்குத்தான் பிடிக்கத் தெரியும்." ஆறு வயதுக்கே உரிய அலுப்போடு விளக்கினாள்: "ஆஸ்பத்திரில அவங்க அஞ்சு தடவை குத்தினாங்க. அப்பா ஒரு தடவகூட விடல."

ராதோவான் ரொட்டியின் இரண்டு பக்கமும் அய்வார் தடவியிருந்தான். அதை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனான். கை கழுவ இவ்வளவு நேரம் ஆகாது.

7

வூக்கைச் சமாளிக்க என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டர் ஹெர்மினா வயதில் இளையவர், குரலில் மூத்தவர். ராதோவான் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

"இதனாலயே ஃப்ளூ வந்துடுமா?"

"வராது. இதுல உயிருள்ள கிருமி கிடையாது. கை வலிக்கலாம். ஒரு நாள் லேசா உடம்பு சுடலாம்."

"போட்டா ஃப்ளூ வரவே வராதா?"

"அப்படி வாக்கு குடுக்க மாட்டேன். வரலாம். ஆனா போன தடவை மாதிரி நெஞ்சு வரைக்கும் போற வாய்ப்பு ரொம்பக் குறையும். முதல் தடவை போடறதால நாலு வாரம் கழிச்சு இன்னொண்ணும் உண்டு."

"இன்னொண்ணா!" என்றான் ராதோவான்.

"உனக்கில்லப்பா" என்றாள் லென்கா.

நர்ஸ் பிரோஷ்கா அவளை அவன் மடியில் முகத்துக்கு முகமாக உட்கார வைத்தார். "கைய அழுத்த வேணாம். சும்மா கட்டிக்குங்க, அது போதும்." அவன் கட்டிக்கொண்டான், கண்ணை இறுக மூடிக்கொண்டான். வழுக்கை விழ ஆரம்பித்த அந்தத் தலை முழுக்க வியர்வை. லென்கா அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். முகம் ஒரு முறை சுருங்கியது, பிறகு விரிந்தது.

"முடிஞ்சுது" என்றார் பிரோஷ்கா.

அவன் விடவில்லை.

"முடிஞ்சுதுங்க."

"அப்பா," லென்கா அவன் முதுகில் தட்டினாள், "இனிமே விடலாம்."

அடுத்து வூக். அவன் ஊசிக்கு ஒரு வினாடிதான் கத்தினான். அக்காளுக்கு நரிப் பட ஸ்டிக்கரும் தனக்கு வெறும் முயலும் கிடைத்ததற்குக் கால் மணி நேரம் கத்தினான். வரும் வழியெல்லாம் ராதோவான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சீட்டியடித்தான். பில்யானா பின்னால் வந்தாள், லென்காவின் கோட்டையும் தன் கோட்டையும் அவன் கோட்டையும் சுமந்துகொண்டு, ஒரு வார்த்தை குறை சொல்லாமல்.

8

இப்போது முடிவு.

முடிவு அ: குளிர்காலத்தில் ஊரெல்லாம் ஃப்ளூ, இந்தக் குழந்தைகளுக்கு மட்டும்

(இல்லை. டாக்டரே வாக்குக் கொடுக்கவில்லை. நான் யார் கொடுக்க?)

முடிவு ஆ: ஜனவரியில் லென்காவுக்குக் காய்ச்சல் வருகிறது. ராதோவான் மாடிப்படிகளில்

(இது நல்ல கதை. படிக்கிறவர்கள் பக்கத்தைத் திருப்புவார்கள். இரண்டு பத்தி எழுதினேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் லென்கா வாய்ப்பாடு தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழித்துவிட்டேன்.)

இன்று நவம்பர் ஒன்பது. இரண்டாவது ஊசி வியாழக்கிழமை. அதற்குப் பிறகு வருவதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஏதாவது நடக்க வேண்டும். கதை என்றால் அதைத்தான் கேட்கும். அவர்களுக்கு வேண்டியதோ ஒன்றுமே நடக்காத ஒரு பிப்ரவரி. சாக்ஸ் தொலைகிற, வீட்டுப்பாடத்துக்குச் சண்டை போடுகிற, யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லாத இருபத்தெட்டு நாள். உங்களால் முடிந்தால் அந்தப் பக்கங்களை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வரிகூட வெட்ட மாட்டேன்.