பச்சை ஜாடியில் முந்திரிப்பழச் சட்னி

அக்காவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். ஒன்பதாம் மாதம்தான் பிள்ளைப்பேற்றுக்கு அனுப்புவோம் என்று திட்டக்குடி பக்கத்து மங்களூரில் அவள் மாமியார் தங்கம்மாள் சொல்லிவிட்டார். அந்த இரண்டு மாதமும் அக்கா தினம் தொட்டுக்கொள்ளும்படி முந்திரிப்பழச் சட்னி செய்து கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா நினைத்தாள். பூர்ணிமா அக்காவுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போனது. இந்த முறை அவளுக்குச் சோறே இறங்கவில்லை. போனில் அவள் வாய்விட்டுக் கேட்டது இந்தச் சட்னியை மட்டும்தான்.

முந்திரிப்பழம் பறித்த அன்றே அழுகத் தொடங்கிவிடும். தோப்புக்காரர்கள் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் நானும் அம்மாவும் போய், எறும்பு மொய்க்காத பழமாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தோம். நறுக்கி உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால்தான் தொண்டைக் கமறல் போகும். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள், மறுபடி தண்ணீரை மாற்றுவாள். கமறல் போன பிறகு துருவிய மாங்காயும் வெல்லமும் சேர்த்து அடுப்பில் ஏற்றினோம். மிளகாய்த்தூள், சுக்கு, வறுத்துப் பொடித்த கடுகு வெந்தயம், கடைசியில் நல்லெண்ணெய். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை கிளறினோம். கை கடுத்தால் கரண்டி மாறும்.

மகளிர் குழுவில் சொல்லிக்கொடுத்தபடி கண்ணாடிப் பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் சட்னியைக் கழுத்துக்குக் கீழ்வரை நிரப்பினோம். வாயைத் துடைத்து மூடியைத் திருகி, அடியில் துணி விரித்த இட்லிப் பானைக்குள் மறுபடி இறக்கிக் கொதிக்கவிட்டோம். வெளியே எடுத்து வைத்த பிறகு ஒவ்வொரு மூடியாக டக், டக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. அப்படி இழுத்துக்கொண்டால் வருஷம் ஆனாலும் கெடாது.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா கம்பெனியிலிருந்து ஒரு பச்சை ஜாடியோடு வந்தாள். எங்கள் ஊர் பீங்கான் ஜாடிக்கும் பொம்மைக்கும் பேர்போனது; அவளும் நானும் ஒரே பொம்மைக் கம்பெனியில் வேலை செய்கிறோம். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளில் பிசிறைச் சீவுவது அம்மாவின் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து நான் கிளேஸ் பூசும் பக்கம் இருக்கிறேன். பளபளப்புக்காகச் சாமானைப் பூச்சு வாளியில் முக்கி எடுத்து, சூளைக்காரர் சாமிக்கண்ணு அண்ணனிடம் கொடுக்க வேண்டும். ஜாடியைப் பார்த்ததுமே அது எந்த வாளிப் பூச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா மூடிகளை நெம்பித் திறந்து, பாட்டில் சட்னியை ஜாடிக்கு மாற்றத் தொடங்கினாள்.

“பாட்டில்லயே இருக்கட்டும்மா.”

“போன தடவ எலுமிச்ச ஊறுகா கொண்டுபோனப்ப ஒங்கத்த என்ன சொன்னாங்க? ‘ஜாடி ஊருலேர்ந்து வர்றீங்க, யாரோ குடிச்சிட்டுப் போட்ட பாட்டில்ல கொண்டாறீங்களே சம்மந்தி’ன்னாங்க. வூடே சிரிச்சுது.”

“இந்தக் கிளேஸுல ஈயம் கலந்துருக்குது, பூ வெக்கிற ஜாடிக்குத்தானாம். புளிப்பு பட்டா கரைஞ்சி எறங்கும், வெசம்னு சாமிக்கண்ணு அண்ணன் சொன்னாரு.”

“சூளையில வெந்து வந்ததுடி இது. அந்தத் தீக்கே கரையாதது ஒம் மாங்காப் புளிப்புக்குக் கரையப் போவுதா?”

எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் வாதாட மாட்டார்கள். சூளைக்குள் போய் வந்த சாமானை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். நானும் காலிப் பாட்டில்களைக் கழுவப் போனேன்.

காலையில் அம்மா புடவை கட்டிக்கொண்டிருந்தபோது மூடியைத் திறந்து பார்த்தேன். சட்னி ஒரு விரல் அளவு அமுங்கியிருந்தது. அது நேற்று ஒட்டியிருந்த இடத்தில் ஜாடியின் உள்பக்கம் பளபளப்பு செத்து, சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தது. அதற்கு மேலே எப்போதும்போல மின்னியது. ஓரத்து எண்ணெயில் லேசான பச்சை.

“அம்மா, வந்து பாரேன். கரைஞ்சிருக்குது.”

“நல்ல காரியத்துக்குப் பொறப்படறப்ப அபசகுனமா பேசாத. பஸ்ஸு போயிடும், தூக்கு.”

திட்டக்குடி போகும்வரை ஜாடி என் மடியில்தான் இருந்தது. பக்கத்தில் அம்மா வளையல் பெட்டியை அணைத்தபடி தூங்கிவிட்டாள். இரண்டு மாதம், தினமும், அக்கா இதிலிருந்து ஒரு கரண்டி எடுப்பாள் என்பதையே நினைத்துக்கொண்டு போனேன்.

தங்கம்மாள் அத்தை ஜாடியை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“அடேங்கப்பா! இப்பத்தான் ஜாடி ஊரு சம்மந்தின்னு தெரியுது. என்னா கனம்!”

அம்மா சிரித்தாள். முதல் பிள்ளை போனதிலிருந்து அந்த வீட்டு வாசலில் அவள் தலைநிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

அக்காவை மனையில் உட்காரவைத்து ஒவ்வொரு பெண்ணாகப் போய்ச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். என் முறை வந்தபோது குனிந்து, வளையலை ஏற்றும் சாக்கில் அவள் காதோரம் சொன்னேன்.

“ஜாடிச் சட்னியத் தொடாதக்கா. ஜாடி சரியில்ல.”

அக்கா என்னைப் பார்த்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள்.

இலை போட்டதும் அம்மா முதலில் அவளுக்குத்தான் சட்னி எடுத்துக்கொண்டு போனாள். “அப்பறமா சாப்பிடறேம்மா,” என்று அக்கா இலையின் மேல் கையை வைத்து மறைத்தாள். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“அம்மா வூட்டுச் சட்னிய புள்ள வேணாங்குது,” என்றாள் எதிர் வரிசையில் ஒருத்தி. “அப்பன் கட்சி போலருக்குது!”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கம்மாள் அத்தையும் சிரித்தபடி, “அவளுக்கு வேணாட்டி போவுது, நாங்க இல்லியா? இப்பிடிக் கொண்டாங்க சம்மந்தி,” என்றார்.

அக்காவிடம் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது ஜாடி வரிசைக்குப் போய்விட்டது. முதல் இலையில் மடியில் கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அம்மா கரண்டியை ஜாடிக்குள் விட்டாள்.

“யாரும் சாப்பிடாதீங்க.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் ஜாடியின் வாயை உள்ளங்கையால் பொத்தினேன். “சாப்பிடாதீங்க!”

கூடமே திரும்பிப் பார்த்தது.

“ஏண்டி இளமதி, பைத்தியம் புடிச்சிருக்குதா?” அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். ஜாடியைப் பிடுங்கி, சட்னியை ஒரு காலிக் குண்டானில் கவிழ்த்தேன். தாவணி முனையால் உள்ளே துடைத்து அம்மாவிடம் நீட்டினேன்.

“கைய விட்டுப் பாரும்மா.”

கோபத்தோடுதான் கையை விட்டாள். மேலே விரல் வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்சம் கீழே இறங்கியதும் நின்றது. அந்த இடத்தையே அவள் திரும்பத் திரும்பத் தடவினாள். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“சட்னி நல்லதுதான் சம்மந்தி. ஜாடி தப்பு. பூச்சு கரைஞ்சி எறங்கியிருக்குது. இவ வேணாம்னுதான் சொன்னா. நாந்தான் கேக்கல.”

“இதத்தான் எம் மருமவ ரெண்டு மாசம் சாப்பிட இருந்தாளா?”

“ஆமா.”

எதிர் வரிசைக்காரி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். “நீ உக்காரு பூர்ணிமா, பாதியில எழுந்திருக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டு அம்மா குண்டானையும் ஜாடியையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். கோழிகள் கொத்திவிடும் என்று குண்டானைத் தட்டால் மூடி வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து அம்மா குழி தோண்ட ஆரம்பித்தாள். அவள் கட்டியிருந்தது கல்யாணப் பட்டுப்புடவை. கோடை மண் கல்லாக இறுகிக் கிடந்தது. வெட்டு விழுந்த இடத்தில் புழுதிதான் பறந்தது. மண்வெட்டியைக் கேட்டேன். கொடுக்கவில்லை.

“நான் தோண்டறேன். நீ தள்ளி நில்லு, கால்ல பட்டுடும்.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தங்கம்மாள் அத்தை ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். அம்மா நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“ஒன்னும் சொல்ல வேணாம்,” என்றார் அத்தை. “மண்ணு காஞ்சி கெடக்குது. தண்ணி ஊத்துனாத்தான் எறங்கும்.”

குடத்தைச் சாய்த்துக் குழியில் ஊற்றினார். தண்ணீர் உள்ளே இழுபடும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, இளகிய மண்ணைக் கையால் வாரி வெளியே போட்டார்.

“இன்னுங் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க சம்மந்தி. ஆடு கிண்டும்.”

அம்மா வெட்டினாள்.