அந்த நான்கு ரன்கள்

அந்த வருடம் பேஸ்பால் லீகில் நாங்கள் தொண்ணூற்றெட்டு ஆட்டங்களில் தோற்றோம். பிடிக்க வேண்டிய பந்தை விட்டோம், அடிக்க வேண்டிய பந்தை வேடிக்கை பார்த்தோம். ஆகஸ்டிலேயே பாதி மைதானம் காலி. மீதிப் பாதி எங்களைத் திட்டுவதற்காகவே டிக்கெட் வாங்கி வந்தது.

உருப்படியாக இருந்தவர் ஒருவர்தான். பிட்சர் அல்சீட் திபோ. லூசியானாக்காரர், முப்பத்தைந்து வயது, தோளில் ஊசி போட்டுக்கொண்டு பந்து எறிகிறவர். இதுதான் கடைசி வருடம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நான் டெட் கோரெக்கி. அவர் எறிவதைக் குந்தி உட்கார்ந்து பிடிக்கிற கேட்ச்சர்.

லீகின் சிறந்த பிட்சர் விருது அவருக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. இந்த முறை விட்டால் எப்போதுமே இல்லை. ஆனால் பிட்சருக்கு நடக்கிற அநியாயத்தைப் பாருங்கள். அணி ஜெயித்தால் வெற்றி அவர் பெயரில் ஏறும், தோற்றால் தோல்வியும் அவர் பெயரில்தான். அல்சீட் ஒன்பது இன்னிங்ஸ் எறிந்து ஒரே ஒரு ரன் கொடுப்பார். நாங்கள் ஒன்றும் அடிக்க மாட்டோம். மறுநாள் பேப்பரில் ‘தோற்றவர்: திபோ’ என்று வரும். பதினொரு வெற்றி, பதினேழு தோல்வி. முதலிடத்து அணியின் கார்ல் வென்னருக்கு இருபத்துமூன்று வெற்றி. வென்னர் ஐந்து ரன் கொடுத்தால் அவருடைய ஆட்கள் எட்டு அடித்துத் தருவார்கள்.

விருதுக்கு ஓட்டுப் போடுவது பத்திரிகைக்காரர்கள். ஊருக்கு இரண்டு பேர், மொத்தம் இருபத்துநான்கு ஓட்டு. எங்கள் ஊர் ஹார்லன் புரூயிட்டே வென்னருக்குப் போடப்போகிறார் என்று செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் காதில் விழுந்தது. பாதி சீருடையோடு, ஆணி வைத்த ஷூவைக்கூடக் கழற்றாமல், பத்திரிகைக்காரர்கள் உட்காரும் மாடிக்கு ஏறினேன்.

புரூயிட் தனியாக உட்கார்ந்து கடுகுச் சாந்து வழிய ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் டைப்ரைட்டர்.

“வாப்பா டெட். இங்க எல்லாம் ஷூ போட்டு வரக்கூடாது, தரை கீறிடும்.”

“வென்னருக்காமே உங்க ஓட்டு?”

“இருபத்துமூணு வெற்றிப்பா.”

“அது அவன் அணியோட வெற்றி. ஜெயிக்கணும்னா ரன் அடிக்கணும். பிட்சர் மட்டையையே தொடக்கூடாதுன்னு போன வருஷம்தான சட்டம் போட்டாங்க? தொடவே விடாம, ஏன் அடிச்சு ஜெயிக்கலைன்னு கேக்கறது எந்த ஊரு நியாயம்? நாங்க பதினஞ்சு பேர் சேந்து அவர் கழுத்தை அறுத்திருக்கோம். அதுக்கு அவருக்கு தண்டனையா?”

“ஜெயிக்கிற கட்டாயத்துல எறியறது வேற. உங்க அணில எறிஞ்சா கவலையே கிடையாது. எப்படியும் தோக்கப்போறீங்க.”

“நாங்க ரெண்டு ரன் அடிக்கிறதே திருவிழா. அவர் ஒரு தப்பு பண்ணாக்கூட ஆட்டம் போச்சு. அவரை விடவா வென்னருக்குக் கட்டாயம்?”

புரூயிட் விரலைத் துடைத்துக்கொண்டார். கோபமே இல்லை அந்த ஆளுக்கு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“சரி. வெற்றியைத் தூக்கிப் போடு. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் குடுத்தாங்கன்னு மட்டும் பாப்போம். வென்னர் ரெண்டு புள்ளி மூணு ஒண்ணு. அல்சீட் ரெண்டு புள்ளி மூணு எட்டு. உன் கட்சிப்படியே வென்னர்தான.”

“அது ஒரு நூலு வித்தியாசம்.”

“நூலுதான். அந்த நூலை யார் அறுத்தாங்கன்னு காட்டட்டுமா?”

மேசைக்கு அடியிலிருந்து ஆட்டப் புத்தகத்தை எடுத்தார். அந்தக் காலத்தில் சொந்த ஊர்ப் பத்திரிகைக்காரரேதான் லீகின் சார்பில் கணக்கு எழுதுவார். கேட்ச்சரைத் தாண்டிப் பந்து ஓடி ஒரு ரன் வந்துவிட்டால் அது யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்வதும் அவரே. பந்து மோசம் என்று எழுதினால் ரன் பிட்சர் தலையில் விழும். கேட்ச்சர் விட்டார் என்று எழுதினால் பிட்சருக்குச் சேராது.

“மே பத்தொன்பது. நீ விட்டேன்னு எழுதினேன். ஆட்டம் முடிஞ்சு நீ வந்த. பந்து மண்ணுல குத்திச்சு ஹார்லன்னு சொன்ன. மாத்தினேன். ஜூன் நாலு, மாத்தினேன். ஜூலைல ஒண்ணு. ஆகஸ்ட்ல ஒண்ணு. நாலு ரன். அந்த நாலை எடுத்துட்டா அல்சீட் ரெண்டு புள்ளி ரெண்டு நாலு. வென்னருக்கு முன்னாடி.”

மே மாதம் மேனேஜர் என்னைக் கீழ் லீகுக்கு அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தை விடுகிறவன் என்ற பெயர் இன்னும் ஒன்று ஏறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நான்கில் ஒன்றுகூட மண்ணில் குத்தவில்லை. நேராக என் கையுறைக்கு வந்தவை.

“உங்களுக்குத் தெரியுமில்ல, அது என் தப்புன்னு?” என்று கேட்டேன்.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

“அப்புறம் ஏன் மாத்தினீங்க?”

“தோத்த அன்னிக்கு உங்கள்ல எவன் எங்கிட்ட பேசறான்? எல்லாரும் கதவைச் சாத்திக்கறீங்க. நீ ஒருத்தன்தான் நின்னு நாலு வரி சொல்றவன். உன்னை முறைச்சுக்கிட்டு நான் பேப்பர்ல எதைப் போடறது?”

“இப்ப மாத்துங்க.”

“ஒரு நாளைக்குள்ளன்னா முடியும். மே மாசத்தை செப்டம்பர்ல மாத்த லீக் ஒத்துக்காது.” டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகினார். “நீயே சொல்லு, போடறேன். ‘அந்த நாலும் என் தப்பு.’ தந்தியில மத்த ஊருக்கும் போகும். ஓட்டு அனுப்ப புதன்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.”

சொல்கிறேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆட்டம் முடியட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அல்சீட் உடை மாற்றும் அறையில் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், புரூயிட், தந்தி. அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றார். “எறிஞ்சவன் நான்தான. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

“ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?”

“அடுத்த இன்னிங்ஸும் உன் கைக்குத்தான எறியணும்.”

“புரூயிட்கிட்ட சொல்லிடட்டுமா? நீங்க சொன்னா சொல்லிடறேன்.”

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். பத்து வருடப் பழக்கத்தில் அந்தப் பார்வையை நான் கண்டதில்லை.

“எங்கிட்ட எதுக்குடா கேக்கற? வேணாம்னு நான் சொல்லணும், பெரிய மனுஷன்னு நீ ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியணும். அதுக்குத்தான? எங்கிட்ட கேட்டுக்கிட்டா அவர்கிட்ட போய் மாத்தச் சொன்ன?”

அன்று அவர் எட்டு இன்னிங்ஸ் எறிந்து யாருக்கும் ரன் கொடுக்கவில்லை. ஒன்பதாவதில் எங்கள் இடது மூலை ஆள் வெயில் கண்ணில் பட்டது என்று ஒரு பந்தைத் தவறவிட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். ‘தோற்றவர்: திபோ.’

வேர்வையோடு மாடிக்கு ஏறிச் சொன்னேன். புரூயிட் தட்டினார். நடுவில் மே மாத ஆட்டத்தன்று தரை ஈரமாக இருந்தது என்றேன். அதையும் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை எல்லாப் பேப்பரிலும் வந்தது. செவ்வாய்க்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

நவம்பரில் முடிவு வந்தது. வென்னர் பதின்மூன்று ஓட்டு, அல்சீட் பதினொன்று. ஒரே ஒரு ஓட்டு இந்தப் பக்கம் வந்திருந்தால் சரிக்குச் சரி, இரண்டு பேருக்கும் விருது. புரூயிட்டுக்குப் போன் போட்டேன்.

“நீங்க யாருக்குப் போட்டீங்க?”

“வென்னருக்கு.”

“நீங்கதான டைப் அடிச்சீங்க? நான் வாய்விட்டுச் சொன்னதை ஒவ்வொரு எழுத்தா நீங்கதான தட்டினீங்க?”

“நல்ல செய்திப்பா அது. ரொம்ப நாளைக்கப்புறம் முதல் பக்கத்துல வந்தேன். ஆனா இருபத்துமூணு வெற்றி, டெட்.”

வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் மே மாதம் நான் கேட்டதற்கு அந்த மனிதர் முடியாது என்று சொல்லியிருந்தால், அன்றைக்கும் இதே வார்த்தைகளால்தான் திட்டியிருப்பேன்.

பிறகு லூசியானாவுக்குப் போட்டேன். அல்சீட்டே எடுத்தார். பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

“நான் டெட் பேசறேன்.”

“தெரியுது” என்றார். வைத்துவிட்டார்.